தண்ணிக்கோழிக்கு எண்ணத் தெரியாது

நம் பள்ளிக்கூடத்துப் பழைய பெண்கள் குழுவில் போன வாரம் ஒருத்தி ஒரு படம் போட்டாள். ஏற்காடு ஏரியில் அவள் மருமகன் எடுத்ததாம். இரண்டு தாழைக்கோழிகள் தண்ணீரில் மல்லாக்கச் சாய்ந்துகொண்டு ஒன்றையொன்று காலால் எத்துகிற படம். நல்ல படம்தான். நெற்றிச் சிவப்பு, மூக்கு நுனி மஞ்சள், தெறிக்கிற சொட்டு எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. ஆளாளுக்கு ஹார்ட்டு போட்டீர்கள். "எங்க மாமியாரும் நானும் மாதிரியே இருக்குதுடி" என்றாள் ஒருத்தி. சிரித்து முடித்த பிறகு இன்னொருத்தி கேட்டாள்: "ஏம்புள்ள, உங்க அத்தை டீச்சர் இந்தக் கோழியத்தானே போட்டோ எடுப்பாங்க? அவங்க ஏன் பாதி வருசத்துல நின்னுட்டாங்க?"

அதோடு குழு கப்சிப்பென்று ஆகிவிட்டது. ஏன் ஆனது என்று எனக்குத் தெரியாதா? உங்கள் அம்மாமார் அடுப்படியில் குரலைத் தாழ்த்திப் பேசியதைக் கேட்டு வளர்ந்தவர்கள்தானே நீங்கள். இத்தனை வருசத்தில் என்னை யாரும் நேராகக் கேட்டதில்லை. கேட்டவள் நல்லாயிருக்கட்டும். ஃபோனில் தட்டித் தட்டி என் கட்டைவிரல் போய்விடும், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுசாகப் படியுங்கள் பெண்களா. பாதியில் நிறுத்திவிட்டு ஹார்ட்டு போட்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

அப்பா அப்போது தலைச்சோலைப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டர். காலையில் ஆட்களுக்குப் பேர் போட்டு, களையெடுக்க இத்தனை பேர், நிழல்மரம் கவாத்துப் பண்ண இத்தனை பேர் என்று பிரித்துவிடுகிற வேலை. முதலாளி சென்னையில் இருந்தார், வருசத்துக்கு இரண்டு முறை வந்தால் பெரிது. ஆகையால் அங்கே அப்பா சொன்னதுதான் உத்தரவு. அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. தாயும் தகப்பனும் சீக்கிரமே போய்விட, அப்பாதான் தூக்கி வளர்த்தார். அவளுக்கு இருபத்தைந்து தாண்டிய பிறகும் "பாப்பா" என்றுதான் கூப்பிடுவார். உங்களுக்கு அவள் அறிவியல் டீச்சர். தவளையை அறுக்காமலே பாடம் நடத்திய டீச்சர். வேலை நிரந்தரமில்லை, வருசா வருசம் கான்வென்ட் சிஸ்டர்கள் பார்த்துக் கொடுப்பது.

சம்பளத்தை மிச்சம் பிடித்து சேலத்தில் ஒரு ஸ்டுடியோக்காரரிடம் பழைய கேமரா ஒன்று வாங்கியிருந்தாள். தோல் உறை, அதற்குள் நாப்தலின் உருண்டை வாசனை. என் முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸ். அதைத் தூக்கிக்கொண்டு அவள் எஸ்டேட்டுக்குள் நடந்தால் "டீச்சரம்மா துப்பாக்கியத் தூக்கிட்டாங்க, ஓடுங்கடி" என்று களையெடுக்கிற பெண்கள் கேலி பண்ணுவார்கள். அத்தையும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு அவர்களைக் குறி பார்ப்பாள். அவ்வளவு சகஜமாகத்தான் இருந்தது எல்லாம்.

அந்தக் கோடையில் ஒரு கல்லூரிப் பேராசிரியை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மலைக்கு வந்தார். நம் பள்ளி ஆய்வுக்கூடத்துச் சுவரில் ஒட்டியிருந்த அத்தையின் படங்களைப் பார்த்துவிட்டு, எங்கள் வீடு தேடி வந்து டீ குடித்தார். கடற்கரைப் பக்கம் பறவை ஆராய்ச்சி முகாம் ஒன்று இருக்கிறது, பெண்களையும் வேலைக்கு எடுக்கிறார்கள் என்றார். "ஒரே குட்டை, ஒரே ஜோடி. எல்லைக்கு அடித்துக்கொள்வதில் ஆரம்பித்து, குஞ்சு தண்ணீரில் இறங்குகிற வரைக்கும் விடாமல் எடுத்துக் கொண்டுவா அம்மா. நானே கூட்டிப்போய்ச் சேர்த்துவிடுகிறேன்." இதைச் சொல்லும்போது அவர் அத்தையைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்துச் சொன்னார். விவரம் தெரிந்த அம்மா.

அப்பா மூன்று நாள் யோசித்தார். சிக்மகளூர்ப் பக்கம் காபிக் கம்பெனியில் கணக்கராக இருந்த ஒரு மாப்பிள்ளை அப்போது பேச்சில் இருந்தது. நல்ல குடும்பம், கோவிலுக்குத் தவறாதவர்கள். கடைசியில் ஜெபம் முடிந்து எழுந்தபோது சொன்னார்: "சரி பாப்பா. இந்த மழைக்காலம் முடியட்டும். படம் பூராவும் வந்துச்சுன்னா அந்தம்மாகூடக் கெளம்பு. வரலைன்னா நான் மாப்பிள்ளை ஊட்டுக்குச் சொல்லிப்போடுவேன். அப்பறம் அழுவக் கூடாது."

"அழுவலீங்கண்ணா" என்றாள் அத்தை. சொல்லிவிட்டுச் சமையல்கட்டுக்குள் வந்து என்னைத் தூக்கிச் சுற்றியதில் என் கால் பட்டு மோர்ச் சட்டி கவிழ்ந்தது. அம்மாவுக்கு வந்த கோபத்தில், "போறதுன்னா தனியாப் போவக் கூடாது, கல்யாணமாவாத புள்ள. இவளைத் தொணைக்குக் கூட்டிட்டுப் போவோணும்" என்று ஒரு சட்டம் போட்டுவிட்டாள். அப்படித்தான் பத்து வயதில் நான் என் அத்தையின் மானத்துக்குத் துணையானேன். எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் அது!

காபிப் பழத்தை அலசுகிற பல்ப்பர் ஹவுஸுக்குக் கீழே ஒரு குட்டை இருந்தது. சீசன் இல்லாத மாதங்களில் அந்தப் பக்கம் யாருக்கும் வேலை கிடையாது. மேல்கரை முழுக்க ஆள் உயரத்துக்குக் கோரை. நடுவில் ஒரு சில்வர் ஓக் மரம் எந்தக் காற்றிலோ சாய்ந்து பாதி தண்ணீருக்குள் கிடந்தது. அந்தக் கட்டைதான் எல்லை. கோரைப் பக்கம் ஒரு ஜோடி, மதகுப் பக்கம் ஒரு ஜோடி. உள்ளூர்க்காரர்களுக்கு அது தண்ணிக்கோழி, அத்தைக்குத் தாழைக்கோழி. கோரைப் பக்கத்துச் சேவலுக்கு நான் சண்டியர் என்று பேர் வைத்தேன். நெற்றியில் ஒரு தழும்பு இருந்தது. வாலை வெடுக் வெடுக்கென்று தூக்கி அடியிலிருக்கிற வெள்ளையைக் காட்டிக்கொண்டேதான் நடக்கும்.

மதகுப் பக்கத்தான் கட்டைக்கு அந்தாண்டை மேய்ந்தால் சண்டியருக்கு ஒன்றும் இல்லை. கட்டையைத் தாண்டி ஒரு முழம் வந்தால் போச்சு. முதலில் தலையைத் தண்ணீரோடு தண்ணீராகத் தாழ்த்திக்கொண்டு மெதுவாக நீந்தி வரும். அவனும் அப்படியே வருவான். இரண்டும் திரும்பி நின்று முதுகைக் காட்டி வாலை விரித்துக்கொள்ளும். முக்கால்வாசி நாள் அதோடு தீர்ந்துவிடும். தீராத நாளில்தான் அடிதடி. தண்ணீரில் பின்னால் சாய்ந்து உட்கார்ந்து, இறக்கையை ஊன்றிக்கொண்டு, அந்த நீள நீள விரல்களால் நெஞ்சில் எத்தும். பெட்டைகள் சும்மா வேடிக்கை பார்க்கும் என்று நினைத்தீர்களா? அவையும் வந்து விழும், சேவல்களைவிட மோசமாக. ஒருநாள் சண்டியர் பெட்டை எதிர்வீட்டுக்காரியின் தலையைப் பிடித்துத் தண்ணீருக்குள் அழுத்தியதைப் பார்த்து நான் அலறிவிட்டேன். "உஸ்! சாவடிக்காதுடி. எடம் என்னுதுன்னு சொல்லுது, அவ்வளவுதான்" என்றாள் அத்தை. சொன்ன மாதிரியே விட்டுவிட்டது.

பார்ப்பது சுலபம், படம் எடுப்பதுதான் பாடு. ஆள் வாசனை தெரிந்தால் கோரைக்குள் புகுந்துவிடும், ஒரு மணி நேரத்துக்கு வெளியே வராது. அத்தை கரையோரம் நாலு மூங்கில் நட்டு, காபிச் சாக்குகளைப் பிரித்துத் தைத்து, ஒரு மறைப்பு கட்டினாள். லென்ஸுக்கு மட்டும் ஓட்டை. கேமரா 'களக்' என்று சத்தம் போடுகிறதென்று அதற்கு என் பழைய கம்பளிக் குல்லாயை மாட்டினாள். அப்படியும் சண்டியர் ஏமாறவில்லை. நாங்கள் உள்ளே நுழைவதைப் பார்த்துவிட்டால் அவ்வளவுதான், நாள் போச்சு.

பிறகு அத்தை ஒரு வழி கண்டுபிடித்தாள். இருவரும் ஒன்றாகப் பேசிக்கொண்டே மறைப்புக்குள் போவோம். கொஞ்சம் பொறுத்து நான் மட்டும் வெளியே வந்து, நன்றாகத் தெரிகிற மாதிரி நடந்து, மேலே பல்ப்பர் ஹவுஸ் சுவரில் போய் உட்கார்ந்துகொள்வேன். பறவைக்கு எண்ணத் தெரியாது. உள்ளே போனது இரண்டு, வந்தது ஒன்று என்று கழிக்கத் தெரியாது. ஆள் போயாச்சு என்று நினைத்துக்கொள்ளும். நான் சுவரை எட்டுவதற்குள் சண்டியர் கோரையை விலக்கிக்கொண்டு வந்துவிடும். வெயில் ஏறியதும் நான் மறுபடி இறங்கிப் போய் மறைப்புக்குள் நுழைவேன், இருவரும் சேர்ந்து வெளியே வருவோம். நான் உள்ளே போகாமல் அத்தை மட்டும் தனியாக வெளியே வந்தால் சண்டியருக்கு மறைப்பின் மேலேயே சந்தேகம் வந்துவிடுமாம்.

இப்போது புரிகிறதா பெண்களா? எனக்கு அப்போது புரியவில்லை.

பல்ப்பர் ஹவுஸுக்கு மேலே கிளியூர்ப் பெண்கள் வேலைக்கு வருகிற பாதை. தினமும் காலையில் அவர்கள் பார்ப்பார்கள்: ரைட்டர் தங்கச்சியும் ரைட்டர் மகளும் சாக்கு மறைப்புக்குள் போகிறார்கள். துணைக்குப் போன பிள்ளை மட்டும் வெளியே வருகிறது. வந்து சுவரின்மேல் காலை ஆட்டிக்கொண்டு, கொய்யாக்காயைக் கடித்துக்கொண்டு, நாலு பக்கமும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. டீச்சரம்மா உள்ளேயே இருக்கிறாள்.

ஒருநாள் அதில் மூத்தவள் நின்று கேட்டாள்: "ஏனுங் கண்ணு, டீச்சரம்மா எங்கீங்க?"

"உள்ளதாங்க இருக்கறாங்க."

"அப்பறம் நீங்க ஏன் வெளிய உக்காந்திருக்கறீங்க?"

நான் உள்ளதை உள்ளபடியே சொன்னேன். "ரெண்டு பேரு உள்ள போயி ஒருத்தர் வெளிய வந்துட்டா, தண்ணிக்கோழி எல்லாரும் போயிட்டாங்கன்னு நெனச்சுக்குமுங்க. அதுக்கு எண்ணத் தெரியாதுங்க."

அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஓ, அப்படிங்களா!" என்றாள் மூத்தவள். கொஞ்ச தூரம் போனதும் அத்தனை பேரும் சிரித்தது கேட்டது. கோழிக்குக் கணக்குத் தெரியாதென்று சிரிக்கிறார்கள் என்று நினைத்து நானும் சிரித்தேன். உண்மையே இவ்வளவு ஜோடனையாக இருந்தால் அவர்கள்தான் என்ன செய்வார்கள்? சொல்லிக் கொடுத்து அனுப்பிய பொய் மாதிரியேதான் அது இருந்தது.

ஆனி மாதச் சாரலில் கோரைக்குள் கூடு கட்டி முட்டை வைத்தாயிற்று. தந்த நிறம், செம்புள்ளி. இரண்டும் மாறி மாறி அடை உட்கார்ந்தன. அத்தை பிலிம் சுருள்களைச் சேலத்துக்கு பஸ்ஸில் கொடுத்தனுப்பினாள். ஒரு வாரம் கழித்துப் படங்கள் வந்தன. முக்கால்வாசி மங்கல், தண்ணீர் தெறிப்பு மட்டும் இருந்தது. ஆனால் ஒரு படம் இருந்தது பாருங்கள்! சண்டியரும் மதகுக்காரனும் நெஞ்சுக்கு நெஞ்சு நிமிர்ந்து நிற்கிறார்கள். நான்கு காலும் பின்னிக்கொண்டிருக்கிறது. சண்டியர் வாய் திறந்திருக்கிறது. பின்னால் கட்டை மேல் பெட்டை ஒரு காலைத் தூக்கி வைத்து, இறங்கலாமா வேண்டாமா என்று நிற்கிறாள். அந்தப் படம் இன்று என்னிடம் இல்லை, யாரிடமும் இல்லை. கண்ணை மூடினால் மட்டும் வரும்.

அப்பா அதை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். "சண்டையாவே எடுத்து வெச்சிருக்கறயே பாப்பா. கொஞ்சம் சிரிச்சாப்புல ஒண்ணு எடுக்கக் கூடாதா?" என்றார். அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள். "குஞ்சு பொரிக்கட்டுங்கண்ணா. அப்ப அதுவே சிரிக்கும்." குஞ்சுதான் பாக்கி. எல்லைச் சண்டை வந்தாயிற்று, கூடு வந்தாயிற்று, அடை வந்தாயிற்று. கருகருவென்று சிவப்பு மூக்கோடு குஞ்சுகள் தண்ணீரில் இறங்குகிற படம் மட்டும் வந்துவிட்டால் அத்தை மலையை விட்டு இறங்கிவிடுவாள். வீட்டில் எல்லாருக்கும் அது தெரியும். பெட்டியைக்கூட இறக்கி வெயிலில் வைத்திருந்தாள்.

பேச்சு எப்படி வீட்டுக்குள் வந்தது என்று எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததிலிருந்து அம்மா முகம் சரியில்லை. வாழைக்காயை நறுக்கிக்கொண்டே அப்பாவிடம் ஏதோ சொன்னாள். "நாமளும் பொட்டப்புள்ளய வெச்சிருக்கறமுங்க" என்பது மட்டும் என் காதில் விழுந்தது.

மறுநாள் பள்ளி விட்டு வந்ததும் அப்பா என்னைக் காபி ஸ்டோருக்குக் கூப்பிட்டார். காலிச் சாக்குகளின் மேல் உட்கார வைத்தார். எப்போதும் இல்லாத வழக்கமாக எனக்கு ஒரு ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார்.

"பொய் சொல்லாம சொல்லோணும் சாமி. அந்த மறைப்புக்குள்ள யாரு இருக்கறாங்க?"

"அத்தைங்கப்பா."

"வேற?"

"வேற யாருமில்லீங்க. கேமரா, ஒரு முக்காலி, தண்ணிப் பாட்டிலு."

"யாராச்சும் வாராங்களா?"

"யாரும் வரமாட்டாங்கப்பா. ஆளு வந்தா கோழி வராதுங்க." பிறகு இரண்டு பேர், ஒருத்தர், எண்ணத் தெரியாத கதை முழுவதையும் சொன்னேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்களே வந்து பாருங்கப்பா, நான் சண்டியரைக் காட்டறேன்" என்று கையைப் பிடித்து இழுத்தேன். அவர் எழுந்திருக்கவில்லை. "செரி, போயி வெளையாடு" என்றார். மிட்டாய் என் கையிலேயே ஒட்டிக்கொண்டு கிடந்தது.

அந்த வாரம் யாரும் எதுவும் பேசவில்லை. அத்தைக்கு இந்தப் பேச்சே எட்டவில்லை என்றுதான் நினைக்கிறேன். அவள் காது முழுக்கக் கோரைக்குள்தான் இருந்தது. சனிக்கிழமை மறைப்பிலிருந்து ஓடிவந்து என் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். "முட்டைக்குள்ள சத்தம் கேக்குதுடி! திங்களோ செவ்வாயோ, அவ்வளவுதான்."

திங்கட்கிழமை காலை நாங்கள் இறங்கிப் போனபோது குட்டையில் ஆட்கள் இருந்தார்கள். ஒரு வரிசை பெண்கள் அரிவாளோடு மேல்கரையில் நின்று கோரையை அறுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு ஆண்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று வேரைப் பிடுங்கினார்கள். எங்கள் மறைப்பு மூங்கிலோடு கரையில் கிடந்தது. அறுத்த கோரையின் பச்சை நாற்றமும் சேற்று நாற்றமும் குப்பென்று அடித்தன. அப்பா குடை பிடித்துக்கொண்டு மதகின்மேல் நின்றார்.

அத்தை ஓடவில்லை, கத்தவுமில்லை. நேராக மதகுக்குப் போனாள். "அண்ணா, இன்னும் ஒரே ஒரு வாரம் பொறுத்திருக்கலாமுங்களே."

"மொதலாளி உத்தரவு பாப்பா. பழம் வாரதுக்குள்ள குட்டையத் தூர் வாரோணும்."

பழம் வர இன்னும் நாலு மாசம் இருந்தது. முதலாளிக்கு அங்கே குட்டை இருப்பதே தெரியாது. ரைட்டர் வீட்டில் வளர்ந்தவளுக்கு இது தெரியாதா? அத்தை அப்பாவின் முகத்தையே பார்த்தாள். அவர் தண்ணீரைப் பார்த்தார். அப்போதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியிருக்க வேண்டும். காது மடல் வரைக்கும் சிவந்துபோய், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். ஏதோ துணி விலகிவிட்டதுபோல. எந்தத் தப்பும் செய்யாதவள் ஏன் போர்த்திக்கொள்ள வேண்டும்?

அன்று என்னிடம் கேள்வி கேட்ட அந்த மூத்தவள்தான் கூட்டை அப்படியே கையில் அள்ளிக்கொண்டு வந்தாள். "பாவமுங்க டீச்சரம்மா. நெசமாவே கோழிதானுங்களா" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. அத்தை முட்டைகளை முந்தானையில் வாங்கிக்கொண்டாள். வீட்டில் அம்மாவின் அடைக்கோழிக்கு அடியில் வைத்தோம். அது ஒவ்வொன்றாக மூக்கால் தள்ளி ஒதுக்கிவிட்டது. அத்தை பழைய கம்பளியில் சுற்றி அடுப்போரம் வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தாள். உள்ளே கேட்ட சத்தம் செவ்வாய்க்கிழமை மதியம் நின்றுவிட்டது.

குட்டையை நான் தனியாகப் போய்ப் பார்த்தேன். மேல்கரை மொட்டையாக இருந்தது. ஒளிய ஒரு புல் இல்லை. ஆனால் சண்டியர் இருந்தது. கட்டைக்கு இந்தப் பக்கம், வெறுந்தண்ணீரில், மேலும் கீழும் நீந்திக்கொண்டிருந்தது. மதகுக்காரன் கட்டையைத் தாண்டி வந்தபோது எப்போதும் போலத் தலையைத் தாழ்த்திக்கொண்டு வந்து எதிரே நின்றது. எதற்காக என்று கேட்டு நான் ஓவென்று அழுதேன். கூடு இல்லை, முட்டை இல்லை, மேய ஒரு கோரைத்தட்டை இல்லை. ஆனாலும் விடமாட்டேன் என்கிறது! அத்தையிடம் போய்ச் சொன்னேன். கேமராவை எடுப்பாள் என்று நினைத்தேன். "வேண்டாம் சாமி" என்று மட்டும் சொன்னாள். அந்த வாரக் கடைசியில் போய்ப் பார்த்தபோது சண்டியர் இல்லை, பெட்டையும் இல்லை. மதகுக்காரன் குட்டை முழுக்க மேய்ந்துகொண்டிருந்தான்.

பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். மூன்று ஞாயிறு கோவிலில் கல்யாண ஓலை வாசித்தார்கள். "தடை ஏதேனும் அறிந்தவர்கள் அறிவிக்கவும்" என்று ஃபாதர் வாசிக்கும்போதெல்லாம் நான் எழுந்து ஏதாவது சொல்ல வேண்டும் என்று துடித்தேன். என்ன சொல்வது? நான் சொல்லித்தான் ஆகியிருந்ததே. நான் சொன்னதை யாரும் நம்பவில்லை என்பதுதான் என் மனதில் ஆணியாக இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு எங்கே எதைச் சொன்னாலும், வாத்தியாரிடமானாலும் சரி, பின்னால் கட்டிக்கொண்ட புருசனிடமானாலும் சரி, ஒன்றுக்கு மூன்று முறை சொல்லி, சத்தியம் வேறு பண்ணுவேன். நீங்களெல்லாம் கேலி பண்ணியிருக்கிறீர்கள். அது அங்கே பிடித்த வியாதி.

அத்தை சிக்மகளூர் போனாள். மாமா நல்ல மனிதர், குறை சொல்ல முடியாது. இரண்டு பையன்கள். கேமரா கல்யாண வீட்டுக் கூட்டத்தில் யார் கையிலோ போனது, திரும்பி வரவில்லை. அவள் தேடவும் இல்லை. கிறிஸ்துமஸுக்கு வந்தால் கேக் சுடுவாள், குடில் கட்டுவாள், அப்பாவோடு உட்கார்ந்து மிளகு விலை பேசுவாள். பல்ப்பர் ஹவுஸ் பக்கம் மட்டும் போகமாட்டாள்.

நானும் இரண்டு பிள்ளை பெற்ற பிறகு ஒரு கிறிஸ்துமஸில், முறுக்கு சுட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டேவிட்டேன். "அப்பா மேல உங்களுக்குக் கோவமே இல்லீங்களா அத்தை?"

அவள் எண்ணெயைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நொம்ப நாள் இருந்துச்சு. அப்பறம் யோசிச்சுப் பாத்தேன். அண்ணன் என்ன பண்ணுவாரு? ஊரே சொன்னா அவருக்கும் சந்தேகம் வரத்தானே செய்யும்? கண்ணால பாத்திருந்தா நம்பியிருப்பாரு. பாக்கலை. சந்தேகம் வந்துட்டா மனுசன் அப்படித்தான் பண்ணுவான். அதுக்குப் போயி எத்தனை நாளைக்குக் கோவிச்சுக்கறது?" அரிகரண்டியில் ஒரு முறுக்கை எடுத்து ஊதி என் கையில் வைத்தாள். "வெந்துருச்சான்னு பாரு."

போன தை மாதம் அத்தை போய்விட்டாள். சர்க்கரை, சிறுநீரகம், இழுத்துக்கொண்டே இருந்தது. அப்பாவால் அவ்வளவு தூரம் பிரயாணம் பண்ண முடியாது. இப்போது அவர் சேலத்தில் என் வீட்டில்தான் படுக்கையாக இருக்கிறார். அடக்கத்துக்கு நான் மட்டும் போய்வந்தேன். வந்து இரண்டு நாள் கழித்துக் காலையில் அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். அவர் "பாப்பா மூஞ்சி எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். "தூங்கறாப்புல இருந்துச்சுங்கப்பா" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். எனக்கு அடக்கமாட்டாமல் வந்துவிட்டது.

"அன்னிக்கு ஸ்டோர்ல வெச்சு நான் அத்தனை சொன்னனே, ஏனுங்கப்பா நம்பலை?"

எது என்று அவர் கேட்கவில்லை. உடனே சொன்னார்: "நம்புனேனே கண்ணு."

நான் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தேன்.

"நீ சொன்ன மறுநா காலையிலயே போனேன். பல்ப்பர் ஹவுஸுக்குப் பின்னால நின்னேன். நீ சொவுத்து மேல உக்காந்து கொய்யாக்கா தின்னுட்டிருந்த. பாப்பா சாக்குக்குள்ள ஒத்தையிலதான் இருந்துச்சு. அந்தக் கோழி ரெண்டும் ஒதைச்சுக்கறதை நானும் பாத்தேன். நெடுநேரம் நின்னு பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்பறம் ஏனுங்கப்பா வெட்டச் சொன்னீங்க?"

"நான் பாத்தா ஆச்சா சாமி? கிளியூர்ல பேசறாங்க, கோயில்ல பேசறாங்க. ரைட்டர் புள்ளையே காவலுக்கு உக்காந்திருக்குதுன்னு உன் பேரும் சேந்து அடிபடுது. ஒவ்வொருத்தரையுங் கூட்டியாந்து காட்ட முடியுமா? மறைவு இருந்தாத்தானே பேச்சு வரும், வெட்டிப்போட்டா நின்னுரும்னு நெனச்சேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "நின்னுருச்சுல்ல?"

முறுக்குச் சட்டி முன்னால் உட்கார்ந்து அத்தை மன்னித்தது சந்தேகப்பட்ட ஒரு அண்ணனை. அப்படி ஒரு அண்ணன் இல்லவே இல்லை. கண்ணால் பார்த்து, நம்பி, நல்லாயிருக்கிறதென்று நின்று ரசித்துவிட்டு, மறு வாரம் ஆள் விட்டு வெட்டியவரை அவளுக்குத் தெரியவே தெரியாது. தெரிந்திருந்தால் மன்னித்திருப்பாளா? யாரைக் கேட்பது நான் இனிமேல்?

"அத்தைகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களேப்பா, நான் நம்புறேன்னு."

அவர் என்னை அதிசயமாகப் பார்த்தார். "அதைப் போயி வாயத் தொறந்து சொல்லோணுமா? தூக்கி வளத்தவன் நம்பாம இருப்பனா? அதெல்லாம் பாப்பாவுக்குத் தெரியும்." பார்த்துக்கொண்டே இருந்தார். போர்வைக்கு வெளியே கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார். "தெரிஞ்சுதான இருந்திருக்கும் கண்ணு?"

"தெரியுமுங்கப்பா. அத்தைக்கு நல்லாத் தெரியும்" என்றேன்.

கஞ்சி ஆறிப்போயிருந்தது. சூடு பண்ண எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.